பதினாறாம் எண் ஜார்ஜ்

உங்க லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருந்தால் ஒரு நிமிஷம் அதைத் திறந்து, டேட்டா டைப்புகளைப் பட்டியலிடும் பிஜி-டைப் என்ற கேட்டலாக் டேபிளில் 16-ஆம் எண்ணில் என்ன இருக்கிறது என்று தேடிப் பாருங்க. பூல் என்று வரும். பூலியன் டைப்பின் உள்பெயர் அது. அளவு ஒரே ஒரு பைட். உலகத்தில் யார் எங்கே போஸ்ட்கிரெஸை நிறுவினாலும் அதே எண், அதே பெயர். அந்தப் பெயர் ஒரு செருப்புத் தைப்பவரின் குடும்பப் பெயர்.

வகுப்பில் அந்தப் பெயரை உரக்கப் படித்தால் கடைசி பெஞ்சில் என்ன சத்தம் வரும் என்று எனக்கும் தெரியும். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிற எல்லோருமே அந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகத்தான் தாண்டுகிறார்கள். சிரிச்சு முடிச்சாச்சா? சரி. இனிமேல் அவரை ஜார்ஜ் என்றே சொல்கிறேன்.

ஜார்ஜைப் பற்றி நான் தேடிப் படித்ததற்குக் காரணம் பக்தி எல்லாம் இல்லை. மினி ப்ராஜெக்ட்டில் மாட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் ஒன்றின் சோர்ஸ் கோடுக்குள் புதிதாக ஒரு டேட்டா டைப்பைச் சேர்ப்பது எங்கள் மூன்று பேர் டீமின் வேலை. போஸ்ட்கிரெஸில் கிரியேட் டைப் என்று எழுதி வெளியிலிருந்தே டைப் சேர்க்கலாம், அது சுலபம். நாங்கள் வீம்புக்கு உள்ளே போனோம். இன்டிஜர், டெக்ஸ்ட், டேட் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அதே வரிசையில் எங்க டைப்பும் உட்காரணும். பெயர் வருகை. மதிப்புகள் மூன்று: வந்தார், வரவில்லை, ஓடி. கடைசி மதிப்பு ஏன் தனியாக வேண்டும் என்று எந்த இன்ஜினியரிங் மாணவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

செய்முறை கேட்க எளிது. பிஜி-டைப் டேட்டா ஃபைலில் உங்க டைப்புக்கு ஒரு பதிவு, எண்ணோடு. பிறகு குறைந்தது இரண்டு சி ஃபங்ஷன்கள்: ஒன்று வெளியிலிருந்து வரும் எழுத்தை உள் மதிப்பாக மாற்றும், மற்றொன்று உள் மதிப்பைத் திரும்ப எழுத்தாக மாற்றும். அந்த ஃபங்ஷன்களுக்கு இன்னொரு ஃபைலில் பதிவு. ஆபரேட்டர்களுக்கு வேறொரு ஃபைல். இண்டெக்ஸ் வேண்டுமென்றால் இன்னும் சில. எல்லாம் முடித்து பில்ட் செய்து பார்த்தால், அப்படி ஒரு டைப்பே இல்லை என்று சர்வர் கையை விரித்தது. பாதி ராத்திரி போச்சு. கேட்டலாக் என்பது இனிட்-டிபி ஓடும்போதுதான் புதிதாக எழுதப்படுகிறது, பழைய டேட்டா டைரக்டரியோடு எத்தனை தடவை சர்வரை ஆன் பண்ணினாலும் புது டைப் வராது என்பது காலை மூன்று மணிக்குப் புரிந்தது.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. பூலியனின் பூல்-டாட்-சி ஃபைலைத்தான் நாங்கள் மாதிரியாக வைத்துக்கொண்டோம். எங்க டைப்புக்கும் அண்ட் மாதிரி ஒரு ஆபரேட்டர் எழுதலாம் என்று உட்கார்ந்தோம். காலை வந்தார், மதியம் ஓடி: அந்த நாள் கணக்கு என்ன? வந்தார் என்றோம். ஓடி, வரவில்லை சேர்ந்தால்? ஓடி என்றோம், கொஞ்சம் சுயநலத்தோடு. வந்தார், வரவில்லை சேர்ந்தால்? வரவில்லை. மூன்றுமே தனித்தனியாக நியாயமாகத்தான் பட்டது. இப்போ முதல் பீரியட் வந்தார், இரண்டாவது ஓடி, மூன்றாவது வரவில்லை என்று வைத்துப் போட்டுப் பாருங்க. முதல் இரண்டை முதலில் சேர்த்தால் கடைசி விடை வரவில்லை. பின்னிரண்டை முதலில் சேர்த்தால் வந்தார். ஒரே ஆள், ஒரே நாள். அடைப்புக்குறி எங்கே விழுகிறது என்பதை வைத்து அட்டெண்டன்ஸ் மாறுகிறது. சி கோடில் ஒரு எர்ரர் கூட இல்லை.

அப்போதுதான் டீமில் ஒருத்தி கேட்டாள்: ட்ரூ, ஃபால்ஸ் இரண்டுக்கும் அண்ட் என்றால் என்ன என்று முதலில் உட்கார்ந்து முடிவு செய்தது யார்?

இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் 1815 நவம்பர் 2 அன்று ஜார்ஜ் பிறந்தார். அப்பா ஜான் செருப்புத் தைப்பவர் என்று சொன்னேன் அல்லவா, ஆனால் அவருடைய மனசு தோலிலும் ஊசியிலும் இல்லை. டெலஸ்கோப் செய்வார், லென்ஸ் தேய்ப்பார், வானம் பார்ப்பார். கடைக்கு என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம். தொழில் படுத்தது. அதற்குள் மகனுக்குக் கணக்கிலும் கருவிகளிலும் ஆசை ஒட்டிக்கொண்டது. லத்தீனை ஊர்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கிரேக்கத்தை ஜார்ஜ் தானாகவே கற்றுக்கொண்டார். 14 வயதில் ஒரு கிரேக்கக் கவிதையை மொழிபெயர்க்க, அப்பா பெருமை தாங்காமல் உள்ளூர்ப் பத்திரிகையில் போட வைத்தார். அதைப் படித்த பள்ளி ஆசிரியர் ஒருவர், இந்த வயதுப் பையன் இதைச் செய்திருக்க முடியாது என்று சண்டைக்கு வந்தார். காப்பி அடித்ததாக அநியாயமாகப் பழி வாங்கியவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

16 வயதில் வேலைக்குப் போய்விட்டார். டான்காஸ்டரில் உதவி ஆசிரியர். அப்பா, அம்மா, மூன்று தம்பி தங்கைகள், எல்லோரும் அந்தச் சம்பளத்தில்தான். 19 வயதில் லிங்கனிலேயே சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். உயர் கணிதத்தை அவர் கற்றது இந்த வருடங்களில்தான், வேலை முடிந்த இரவுகளில். லாக்ருவா எழுதிய கால்குலஸ், பிறகு லாக்ராஞ்ச், லாப்லாஸ், நியூட்டன். கணிதப் புத்தகம் வாங்கினால் ஒன்றே ரொம்ப நாள் வரும், காசுக்கு லாபம் என்று கணக்குப் போட்டுத்தான் கணிதத்துக்கு வந்தார் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, ஏழைப் பையனின் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

பிறகு கேம்பிரிட்ஜ் கணித இதழில் அவருடைய கட்டுரைகள் வரத் தொடங்கின. கேம்பிரிட்ஜுக்கே போய்ப் படித்துப் பட்டம் வாங்கலாமே என்ற யோசனை வந்தது. போனால் பள்ளிக்கூடத்தை மூட வேண்டும். மூடினால் வீட்டில் உலை எரியாது. போகவில்லை. கடைசி வரை பட்டப்படிப்பு படிக்கவே இல்லை. 1844-இல் ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரை ஒன்றுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அந்தக் கட்டுரை நம் கதைக்கு முக்கியம். எம்-டூ பேப்பரில் டி என்ற குறியை ஒரு எண் போல வைத்துக் கூட்டுவோம், பெருக்குவோம், டி ஸ்கொயர் என்று எழுதுவோம், நினைவிருக்கிறதா? டி எண் கிடையாது, வகையிடு என்ற ஒரு கட்டளை. ஆனாலும் அது சில விதிகளுக்குக் கட்டுப்படுகிறது. அந்த விதிகள் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கணக்குப் போடலாம் என்பதுதான் ஜார்ஜின் வழி. டேட்டா டைப் என்பதும் கிட்டத்தட்ட இதுதான். உள்ளே எத்தனை பைட் என்பது இரண்டாவது கேள்வி. எந்த விதிகளுக்குக் கட்டுப்படும் என்பதே முதல் கேள்வி. நாங்கள் பைட்டில் தொடங்கினோம், அங்கேதான் தப்பு.

1847-க்கு வருவோம். லண்டனில் கணிதப் பேராசிரியராக இருந்த அகஸ்டஸ் டி மார்கனுக்கும், ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் வில்லியம் ஹாமில்டனுக்கும் ஒரு சண்டை. தர்க்கத்தில் ஒரு கருத்தை முதலில் கண்டது யார் என்பதுதான் விஷயம். டி மார்கனை உங்களுக்குத் தெரியும், இரண்டு மார்க் கேள்வியாக வருவாரே, அவரேதான். ஆனால் அவர் 1806-இல் பிறந்தது மதுரையில் என்பது தெரியுமா? அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. குழந்தைக்கு ஒரு கண் பார்வை போய்விட்டது, சில மாதங்களிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது. மதுரைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள அது போதும்.

அந்தச் சண்டையைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ், தர்க்கமே கணிதத்தின் வேலைதான் என்று காட்ட ஒரு சிறிய புத்தகம் எழுதினார். தர்க்கத்தின் கணிதப் பகுப்பாய்வு என்று தமிழில் சொல்லலாம். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வார்த்தைகளால் நடந்துகொண்டிருந்த ஒன்றை அல்ஜீப்ராவுக்குள் கொண்டுவந்தார். என் பார்வையில், அல்ஜீப்ரா என்ற பழைய சிஸ்டத்துக்குள் ஒரு புது டைப்பைச் சேர்த்தார்.

எப்படி என்று பாருங்க. நம் கல்லூரி மாணவர் எல்லோரையும் 1 என்று வையுங்கள். யாருமே இல்லை என்பது 0. எக்ஸ் என்றால் அந்த எல்லோரிலிருந்தும் ஹாஸ்டல்காரர்களைப் பொறுக்கி எடு. ஒய் என்றால் சிவில்காரர்களைப் பொறுக்கி எடு. பெருக்கல் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுக்குவது. எக்ஸ் ஒய் என்பது ஹாஸ்டலில் இருக்கும் சிவில்காரர்கள், யாரை முதலில் பொறுக்கினாலும் கும்பல் அதேதான். இப்போது ஹாஸ்டல்காரர்களைப் பொறுக்கிய பிறகு, அதிலிருந்து மறுபடி ஹாஸ்டல்காரர்களைப் பொறுக்கினால்? எதுவும் மாறாது. வேர் என்ற நிபந்தனையை இரண்டு முறை எழுதினாலும் அதே வரிசைகள்தானே வரும். ஆக எக்ஸ் × எக்ஸ் = எக்ஸ்.

சாதாரண எண்களில் இந்தச் சமன்பாட்டுக்கு ஒத்துவருபவை இரண்டே: 0, 1. நம் பைனரி, ட்ரூ, ஃபால்ஸ் எல்லாம் பிறகு வந்து உட்கார்ந்த இடம் இந்த ஒரு வரிதான். எக்ஸ் இல்லாதவர்கள் என்பது 1 − எக்ஸ். அதே வரியை மாற்றி எழுதினால் எக்ஸ் × (1 − எக்ஸ்) = 0. ஹாஸ்டலில் இருந்துகொண்டே ஹாஸ்டலில் இல்லாதவர் யாரும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு மைஎஸ்க்யூஎல் பக்கம் போய்ப் பாருங்க. அங்கே பூலியன் என்று எழுதினால் அது டைனி-இன்ட் என்ற சிறிய முழு எண்ணுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். 7 என்று போட்டாலும் வாங்கிக்கொள்ளும். 7 × 7 எந்த ஊரிலும் 7 ஆகாது. எஸ்க்யூலைட்டிலும் பூலியனுக்குத் தனி இடமில்லை, 0, 1 என்று எண்ணாகவே வைக்கும். எஸ்க்யூஎல் தரநிலையிலேயே பூலியன் 1999-இல்தான் நுழைந்தது. போஸ்ட்கிரெஸ் இதில் கறார். ட்ரூ, யெஸ், ஆன், 1, இவற்றின் முதல் எழுத்துகள் என்று உள்ளே வர எத்தனையோ வழி உண்டு, ஆனால் வந்தபின் இரண்டே மதிப்பு. ஓ என்ற ஒற்றை எழுத்தை மட்டும் கொடுத்துப் பாருங்க, ஏற்காது. ஆனா, ஆஃபா, எப்படித் தெரியும்?

பட்டமில்லாத பள்ளிக்கூட வாத்தியார் 1846-இல் ஒரு கல்லூரி வேலைக்கு விண்ணப்பித்தார். காத்திருப்பிலேயே மூன்று வருஷம் போனது, இடையில் அப்பா இறந்தார். 1849-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் புதிதாகத் திறந்த குயின்ஸ் கல்லூரிக்கு முதல் கணிதப் பேராசிரியர் ஆனார். பெரும் பஞ்சத்தில் நொந்துபோயிருந்த நாடு அது. அங்கே எழுதி 1854-இல் வெளியிட்ட பெரிய புத்தகம்தான் சிந்தனை விதிகள்.

அங்கேதான் மேரி எவரெஸ்ட்டையும் சந்தித்தார். அதே எவரெஸ்ட்தான். இந்தியாவின் தலைமை நில அளவையாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் தம்பி மகள் இவர். லாம்டன் 1802-இல் சென்னையில் தொடங்கிய முக்கோண நில அளவையைப் பிற்பாடு நடத்தியவர் அந்தப் பெரியப்பா. மேரிக்கு நம்ம ஜார்ஜ் கணிதம் சொல்லிக்கொடுத்தார், 1855-இல் திருமணம். இருவருக்கும் 17 வயது வித்தியாசம். ஐந்து பெண் குழந்தைகள்.

சிந்தனை விதிகள் புத்தகத்தில் இரண்டு இடங்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒன்று கூட்டல். நம் பாடத்தில் 1 + 1 = 1 என்று படித்தோம், ஆர் கேட். ஜார்ஜின் அல்ஜீப்ராவில் அப்படி இல்லை. ஒன்றோடு ஒன்று கலக்காத இரண்டு கும்பல்களைத்தான் அவர் கூட்டுவார். ஹாஸ்டல்காரர்களோடு ஹாஸ்டல்காரர்களையே கூட்டினால் அவருக்கு அது அர்த்தமில்லாத கோவை. வில்லியம் ஜெவன்ஸ் என்ற இளைஞர் 1863-இல் கடிதம் எழுதி, எக்ஸ் + எக்ஸ் = எக்ஸ் என்று வைத்தால் எவ்வளவு எளிதாகும் என்று வாதாடினார். ஜார்ஜ் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஜெவன்ஸின் வழிதான் நிலைத்தது. இப்போது நாம் பூலியன் என்று அழைக்கும் டைப்பில் ஆர் ஆபரேட்டர் ஜார்ஜ் மறுத்த அதே ஆபரேட்டர். இதில் அவர் பிடிவாதம் பிடித்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நினைத்துப் பார்த்தால் ஒரு மெயின்டெய்னரின் பிடிவாதம் அது, அர்த்தம் தெளியாத பேட்ச்சை மெர்ஜ் செய்ய மாட்டேன் என்பது.

இன்னொன்று 0 / 0. ஆமாம், நாம் பார்த்தவுடன் பயந்து அடித்துவிடும் அதே ஆசாமி. சமன்பாடுகளை வைத்து ஒரு கும்பலை மற்ற கும்பல்களால் விவரிக்கும்போது ஜார்ஜுக்குச் சில பகுதிகளின் முன்னால் 0 / 0 வந்தது. அவர் அடிக்கவில்லை. இந்தப் பகுதியிலிருந்து எல்லோரும் வரலாம், சிலர் வரலாம், ஒருவரும் வராமலும் போகலாம், கொடுத்த தகவல் எதையும் சொல்லவில்லை என்று அதற்கு ஒரு பொருள் கொடுத்து விடையிலேயே வைத்துக்கொண்டார். நல் என்று டேட்டாபேஸில் நாம் எழுதுவதும் இதுவும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன், இடையில் நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்றே எழுதிக் கணக்கைத் தொடரலாம் என்ற துணிச்சல் அங்கே இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஃபால்ஸ் அண்ட் நல் என்று போட்டால் ஃபால்ஸ் வரும், ட்ரூ அண்ட் நல் என்றால் நல் வரும். ஏன் என்று ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க, நல் இருக்கும் இடத்தில் இரண்டு மதிப்பையும் மாற்றி மாற்றிப் போட்டால் புரிந்துவிடும்.

1864 நவம்பர் இறுதியில் ஒரு நாள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஜார்ஜ் நடந்துபோனார். சுமார் மூன்று மைல், கொட்டும் மழை. நனைந்த உடையோடே வகுப்பெடுத்தார். காய்ச்சல், பிறகு நிமோனியா. நோய்க்குக் காரணமானதே மருந்து என்ற நம்பிக்கையில் மேரி அவரை ஈரத் துணியால் சுற்றினார் என்றும் ஒரு கதை சொல்கிறார்கள். டிசம்பர் 8 அன்று இறந்தார். வயது 49. கடைசி மகள் ஈத்தலுக்கு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் தி காட்ஃபிளை நாவலை எழுதிய ஈத்தல் வாய்னிச். இன்னொரு மகள் அலீசியா பல்கலைக்கழகம் போகாமலே நான்கு பரிமாண வடிவியலில் பெயர் வாங்கினார். மெக்கானிக்கல்காரர்கள் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் பார்க்கும் ஜி. ஐ. டெய்லர், மகள் மார்கரெட்டின் பிள்ளை.

1937-இல் எம்ஐடி-யில் முதுகலை மாணவராக இருந்த கிளாட் ஷானன், ரிலே சுவிட்சுகளும் இந்த அல்ஜீப்ராவும் ஒரே விதிகளில் நடக்கின்றன என்று ஆய்வேட்டில் காட்டினார். தத்துவ வகுப்பில் ஜார்ஜைப் படித்திருந்தார் அவர். அதற்குப் பிறகு நடந்தது நம் முழு சிலபஸ்.

எங்க வருகை டைப் என்னாச்சு என்று கேட்பீங்க. ஆபரேட்டரை அழித்துவிட்டு விதியிலிருந்து தொடங்கினோம். வரவில்லை, ஓடி, வந்தார் என்று ஏறுவரிசை, அண்ட் என்றால் இரண்டில் சிறியது. அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் இப்போது ஒரே விடை. எந்த மதிப்பையும் அதனோடே சேர்த்தால் அதுவே வருகிறது, அதாவது ஜார்ஜின் முதல் வரி நிற்கிறது. ஓடியும் வரவில்லையும் சேர்ந்தால் வரவில்லை ஆகிவிடுகிறது, அதில் எங்களுக்கே நஷ்டம்தான். பிறகு நாட் எழுதினோம். வந்தார் வரவில்லை ஆகும், வரவில்லை வந்தார் ஆகும், ஓடி மட்டும் தலைகீழானாலும் ஓடிதான். அப்படியானால் ஓடி அண்ட் நாட் ஓடி என்பது ஓடி. எக்ஸ் × (1 − எக்ஸ்) = 0 உடைந்துவிட்டது. மூன்றாவது மதிப்பு வந்த உடனே உடைகிற வரி அதுதான்.

அதனால் நாட் ஆபரேட்டரை எடுத்துவிட்டோம். வைவாவில் அது எங்கே என்று கேட்டார்கள், இந்தக் கதையில் பாதியைச் சொன்னோம். எங்க டைப்பின் எண், சோதனைப் பேட்ச்சுகளுக்கு என்று போஸ்ட்கிரெஸ்காரர்கள் ஒதுக்கியிருக்கும் 8000 முதல் 9999 வரையிலான இடத்தில் எங்கோ இருக்கிறது.